கோடை விடுமுறை: 40 நாள் அட்டவணையைக் கிழித்துப் போடலாமா?

வாசகர் கேள்வி, ஏப்ரல் 21, 2024

ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபின் எனக்கு இது முதல் கோடை. நாளையும் நாளை மறுநாளும் பரீட்சை, அப்புறம் லீவு. பிள்ளைகளுக்கு 40 நாள் அட்டவணை ஒன்று தயாரித்திருக்கிறேன். தினம் ஒரு பக்கம் கையெழுத்து, ஒரு வாய்ப்பாடு, ஐந்து ஆங்கில வார்த்தை, ஒரு திருக்குறள். ஆசிரியர்களும் இந்த நாட்களை வீணாக்காமல் இருக்க என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒரு ஆசிரியரின் பதில், ஏப்ரல் 21, இரவு

ஜெராக்ஸ் கடைக்குப் போகாதீர்கள். காசு மிச்சம்.

2011ல் நானும் இதையே செய்தேன். கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணம் பக்கம், 34 பிள்ளைகள் உள்ள வகுப்பு. ஜூனில் நோட்டோடு வந்தது ஆறு பேர். அந்த ஆறில் நாலு நோட்டில் ஒரே கையெழுத்து. விசாரித்தால் பத்தாவது முடித்த அக்கா ஒருத்தி, நோட்டுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்தக் கோடையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது அவள் மட்டும்தான்.

ஏப்ரல் 22

நேற்று கொஞ்சம் கடுப்பில் எழுதிவிட்டேன். தேர்தல் பணி முடித்து வந்த களைப்பு. 19ஆம் தேதி வாக்குப்பதிவு ஆறு மணிக்கு முடிந்தது. பெட்டியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வர விடிந்துவிட்டது. ‘வாத்தியாருக்கு என்னப்பா, வருஷத்துல ரெண்டு மாசம் லீவு’ என்று டீக்கடையில் சொல்பவர்களுக்கு விடைத்தாள் திருத்தும் முகாம், தேர்தல் வகுப்பு, சேர்க்கைக்கு வீடு வீடாகப் போவது எதுவும் கணக்கில் வராது. எல்லாம் கழித்தால் கையில் நிற்பது ஒரு மாதம். அதிலும் மாமியார் வீட்டுத் திருவிழா ஒரு வாரம். அதை லீவில் சேர்ப்பதா பணியில் சேர்ப்பதா, நீங்களே சொல்லுங்கள்.

ஏப்ரல் 23

கேட்டவருக்கு நேரடியாக ஒரு பதில்.

இன்று மதியம் பரீட்சை முடிந்து மணி அடிப்பதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு 40 பக்க நோட்டு எடுத்து, ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு நாலு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். லீவில் எங்கே போகிறாய், யாரோடு, அங்கே யாருடைய போன் நம்பர், எப்போது திரும்புவாய். பதிவேட்டில் உள்ள நம்பரை நம்ப வேண்டாம். பாதி நம்பர் அப்பாவின் பழைய சிம். எங்கள் பக்கம் அம்மாவிடம் போன் இருக்காது, பெரியம்மா பையனிடம் இருக்கும். அவன் நம்பரைத்தான் வாங்க வேண்டும்.

இன்று எங்கள் ஏழாம் வகுப்பில் எழுதியதை எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேர் ஊரிலேயே. ஆறு பேர் பெங்களூரு, கட்டட வேலைக்குப் போயிருக்கும் அப்பா அம்மாவிடம். நாலு பேர் மாந்தோப்பில் காவல் குடிசை. மூன்று பேர் பாட்டி வீடு. ஒருத்தி ‘தெரியாது சார்’ என்றாள். அவள் பெயருக்குக் கீழே கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 23, பிறகு

ஏன் இந்த நோட்டு என்று கேட்கிறார்கள்.

எங்கள் பள்ளி எட்டாவதோடு முடிகிறது. ஒன்பதாவதுக்கு உயர்நிலைப் பள்ளி ஆறு கிலோமீட்டர். டிசி போட்டதும் பிள்ளையின் பெயர் எமிஸ் என்கிற கல்வித் துறை மாணவர் பதிவு இணையதளத்தில் ‘காமன் பூல்’ என்கிற இடத்துக்குப் போய்விடும். சேர்த்துக்கொள்ளும் பள்ளி அங்கிருந்து இழுத்துக்கொள்ள வேண்டும். மே மாதம் முழுக்க அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை. நான் கேட்க மாட்டேன், என் பிள்ளை இல்லை என்பேன். அங்கே உள்ளவர் கேட்க மாட்டார், இன்னும் அவர் பிள்ளை ஆகவில்லை. நடுவில் 45 நாள்.

2013ல் அப்படி ஒரு பெண். கணக்கில் கெட்டி. ஜூன் கடைசியில் சந்தையில் அவளுடைய சித்தியைப் பார்த்து விசாரித்தேன். ‘வைகாசியில கண்ணாலம் ஆயிடுச்சே சார், உங்களுக்குச் சொல்லலையா?’ என்றார். பத்திரிகை வைக்காததற்கு வருத்தப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. வயது 13. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006லேயே வந்துவிட்டது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் எங்கள் பள்ளிச் சுவரில் எழுதியிருந்தது. சுவரில் இருந்து என்ன செய்ய? மே மாதத்தில் அந்தச் சுவரைப் பார்க்க ஆளில்லை.

அதிலிருந்து எட்டாவது பிள்ளைகளுக்கு டிசி கொடுக்கும் அன்றே நானோ தலைமையாசிரியரோ கூடப் போய் ஒன்பதாவதில் சேர்த்துவிட்டு வருகிறோம். ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு நாள் வேலை. ஆசிரியர் லீவைப் பயனுள்ளதாகக் கழிக்க எனக்குத் தெரிந்த வழிகளில் இதுதான் முதல். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

ஏப்ரல் 26

கனமாகிவிட்டது. ‘சரி, பிள்ளைகள் என்னதான் செய்யட்டும்?’ என்று ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சம்மர் கேம்ப் நடத்த வேண்டாம். பங்குனி முடிந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். மதியத்தில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் தெருக்கூத்து, ஊருக்கு ஊர் பத்து நாள், பதினெட்டு நாள். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு வேஷக்காரர் பனைமர உயரத்துக்கு நட்ட கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் போடுவார், கீழே முந்தானை ஏந்திக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். கடைசி நாள் படுகளம். மண்ணில் ஆள் உயரத்துக்கு அஞ்சு மடங்கு துரியோதனனைப் படுக்கவைத்து, தொடையில் அடித்து, பாஞ்சாலி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி.

2016ல் ஒரு காரியம் செய்தேன். ஊரிலேயே இருக்கும் பிள்ளைகளிடம் சொன்னேன்: கூத்து பாருங்கள், ஆனால் மேடையில் நடப்பதை எழுத வேண்டாம், அது எனக்கே தெரியும். மேடைக்குப் பின்னால் நடப்பதை எழுதுங்கள். ஒரு பக்கம் போதும், பிழை இருந்தால் பரவாயில்லை.

ஜூனில் வந்த தாள்களில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்புப் பெண் எழுதியது. ‘துரியோதனன் டீ குடிக்கும்போது மீசையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பாஞ்சாலி மாமா பீடி குடித்தார். அவர் காலில் சலங்கை கட்டிய இடத்தில் புண் இருந்தது. அதன் மேல் துணி சுற்றி அதன் மேல் சலங்கை கட்டினார்.’ ‘பாஞ்சாலி மாமா’ என்ற சொல்லை எந்தப் பாடநூல் கொடுக்கும்? என் 40 நாள் அட்டவணையில் இந்த மூன்று வரி வந்திருக்காது.

ஒரு பையன் வேஷக்காரரின் தோளில் கட்டும் புஜக்கட்டையில் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகளை எண்ணி எழுதியிருந்தான். 46. ஒன்று உடைந்தது என்பதையும் சேர்த்து.

ஏப்ரல் 27

‘எல்லா ஊரிலும் கூத்து இல்லையே’ என்றால், சரிதான். உங்கள் ஊரில் என்ன நடக்கிறதோ அது. உப்பளம், தறி, மீன் ஏலம், எதுவானாலும் பின்பக்கமாய் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

நூலகம் என்று சொல்ல வந்தேன். சொல்கிறேன், ஆனால் வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். எட்டுப் பேரைச் சைக்கிளில் திரட்டிக்கொண்டு போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு, கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்துத் திரும்பினேன். அதற்கு அடுத்த வாரம் எட்டுப் பேரும் வந்தார்கள், கரும்புச் சாறுக்கு.

ஏப்ரல் 29

யாரும் பேசாத ஒன்று. சோறு.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. மதியம் சத்துணவு, முட்டை. பள்ளி நாளில் எங்கள் சின்னப் பிள்ளைகள் இரண்டு வேளை இங்கே சாப்பிடுகிறார்கள். லீவில் அந்த இரண்டு வேளையும் இல்லை. அம்மா விடிகாலையில் வேலைக்குப் போனால் பழைய கேழ்வரகுக் களி, அதுவும் இருந்தால். ஜூன் முதல் வாரத்தில் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ‘வளர்ந்துட்டான்’ என்று நாங்கள் சிரிப்போம். வளர்ந்தால் கால்சட்டை இறுகத்தானே வேண்டும், எப்படித் தளரும்? இதை யோசிக்க எனக்குச் சில வருஷம் ஆனது.

எனக்கு இதற்குத் தீர்வு தெரியாது. எங்கள் சத்துணவு அமைப்பாளரம்மா மே மாதத்தில் தன் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகளுக்குக் கூழ் ஊற்றுகிறார். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

மே 5

கத்திரி வெயில் நேற்றுத் தொடங்கியது. இங்கேயும் ஒரு கத்திரி வந்திருக்கிறது. ‘மாந்தோப்புக் காவல் குடிசை என்று சாதாரணமாக எழுதுகிறீர்கள், அது குழந்தைத் தொழில் இல்லையா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 2016ல் திருத்தியபோது 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றார்கள். ஆனால் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ உதவலாம் என்று ஒரு விலக்கு. ‘விடுமுறையில்’ என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. 14 முதல் 18 வரை ஆபத்தான வேலை கூடாது.

அப்பா குத்தகைக்கு எடுத்த தோப்பில் அவரோடு படுத்துக்கொண்டு அணில் விரட்டுவது வேறு. நாள் கூலிக்கு லாரியில் மாங்காய்ப் பெட்டி, அதாவது கிரேட், ஏற்றுவது வேறு. என் நோட்டில் இரண்டையும் ‘மாந்தோப்பு’ என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கிறேன். நாலு பேருக்கும் போன் செய்தேன். மூவர் அப்பாவோடு. நாலாமவன் இந்த வருஷம் காய்ப்பு இல்லாததால் தோப்பை விட்டுவிட்டு மாமாவோடு ஓசூர் போயிருக்கிறான். என்ன வேலை என்று மாமா சொல்லவில்லை. ‘சும்மாதான் சார் இருக்கான்’ என்றார். சும்மா இருப்பவனை யார் பஸ் செலவு பண்ணிக் கூட்டிப் போவார்கள்?

கேள்வி கேட்டவருக்கு நன்றி. நான் போன் செய்ததே அதனால்தான்.

மே 7

லீவில் எல்லாம் மறந்துவிடும் என்பதற்கு ஒருவர் அமெரிக்க ஆய்வைக் காட்டியிருக்கிறார். 1996ல் ஹாரிஸ் கூப்பரும் உடன் இருந்தவர்களும் 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கோடை முடிந்து வரும் பிள்ளை சுமார் ஒரு மாதப் படிப்பை இழந்து வருகிறது, கணக்கில் இன்னும் மோசம் என்று முடிவு. நானே பல கூட்டத்தில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். பிறகு பால் வான் ஹிப்பல் என்பவர், பழைய தேர்வுகளில் மதிப்பெண் போட்ட அளவுகோலிலேயே கோளாறு இருந்தது, புதிய தேர்வுகளை வைத்துப் பார்த்தால் படம் அவ்வளவு தெளிவாக இல்லை என்று காட்டினார். கைதட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

என் வகுப்பில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். வகுத்தல் போய்விடுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மண்டிக்கு அப்பாவோடு போய் வந்த பையன் ஒருத்தன் ஜூனில் என்னை மடக்கினான். ‘சார், கிரேட் எடையைக் கழிச்சுட்டு அப்புறம் நூத்துக்கு அஞ்சு கழிவு போடறதும், கழிவைப் போட்டுட்டு அப்புறம் கிரேட் எடையைக் கழிக்கறதும் ஒண்ணா?’ நான் ஒன்றுதான் என்றேன். அவன் கரும்பலகையில் போட்டுக் காட்டினான். ஒன்று இல்லை. முதல் வழியில் விவசாயிக்குக் கொஞ்சம் கூட வரும். 100 கிலோ, கிரேட் 10 கிலோ என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். ஒன்றில் 85.5, மற்றதில் 85.

அதே பையனுக்கு நீள்வகுத்தல் மறந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மே 10

இன்று பத்தாவது ரிசல்ட். காலையிலிருந்து போன். 2011ல் எழுதிக் கொடுத்து இருபது ரூபாய் வாங்கிய அக்காவின் தம்பி மகன் 412. கணக்கில் விழுந்த ஒருத்தனும் கூப்பிட்டான், பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. ஜூலையில் துணைத் தேர்வு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடு வீட்டுக்கு வா, மட்டன் இருக்கும் என்றேன். ஆசிரியர்களே, ரிசல்ட் அன்றைக்கு மட்டும் போனை சைலண்டில் போடாதீர்கள்.

மே 11

தம்பி மகன் எப்படி? கணக்கு இடிக்கிறதே என்று ஒருவர் பிடித்துவிட்டார். தம்பி மகன் இல்லை, கடைசித் தம்பி. அப்போது சின்னக் குழந்தை. மன்னிக்கவும், ரிசல்ட் பரபரப்பு.

மே 21

ஒரு வாரமாக நல்ல மழை. கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. அதனால் நீச்சல்.

எங்கள் பக்கம் கோடையில் ஏரி, கிணறு, குவாரிக் குட்டை என்று பிள்ளைகள் மூழ்கிப்போகும் செய்தி வராத வருஷம் இல்லை. ‘தண்ணி பக்கம் போகாதே’ என்று மைக்கில் சொல்லித்தான் வழியனுப்புகிறோம். போகாமல் இருப்பார்களா? கற்றுக்கொடுப்பது ஒன்றே வழி என்று மேடையில் பேசிவிட்டேன். கூட்டம் முடிந்து ஏழாவது பையன் ஒருத்தன் வந்து, ‘உங்களுக்கு நீச்சல் தெரியுமா சார்?’ என்றான்.

தெரியாது. அப்போது வயது 41.

அவனுடைய தாத்தா கிணற்றில் கற்றுக்கொண்டேன். முதுகில் அஞ்சு லிட்டர் காலி எண்ணெய் கேன், இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை மோட்டார் மேடையில் நிற்கும் தாத்தா கையில். பையன் தண்ணீரில் என் தாடைக்குக் கீழே கை கொடுத்தபடி, ‘காலைப் பாக்காதீங்க சார், வானத்தைப் பாருங்க’ என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நாலு நாள் தண்ணீர் குடித்தேன். ‘இன்னும் அஞ்சு நாள்ல வந்துரும்’ என்று தாத்தா சொன்னார். எட்டு நாள் ஆனது. நாலாம் நாள் நான் கோபத்தில் கத்தினபோது அவன் சொன்னான்: ‘நீங்க எனக்கு வகுத்தல் சொல்லித் தரும்போது நான் கத்தினேனா சார்?’

மே 22

ஆசிரியர் தனக்காக என்ன செய்யலாம் என்று கேள்வியில் இருந்தது. முதல் வாரம் தூங்குங்கள். அப்புறம் தெரியாத ஒன்றுக்குப் போய் மாணவராக உட்காருங்கள். நான் ஒரு கோடையில் தமிழ்99 விசைப்பலகை பழகினேன், இந்த இழையே அதில்தான் தட்டுகிறேன். நீச்சல் போல அவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டியதில்லை.

ஜூன் 1

பள்ளி திறப்பது 6ஆம் தேதி இல்லை, 10ஆம் தேதி. பிள்ளைகளைவிட வாட்ஸ்ஆப் குழுவில் ஆசிரியர்கள் போட்ட பட்டாசு பொம்மைகள்தான் அதிகம். நானும் ஒன்று போட்டேன், மறைக்கவில்லை.

நோட்டை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கியிருக்கிறேன். தேதி மாறியது பெங்களூரில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. நாலு நாள் தள்ளி என்றால் ‘இன்னும் ஒரு சம்பளம் வாங்கிட்டு வரோம் சார்’ என்கிறார்கள். அது ஜூன் கடைசியில் போய் நிற்கும்.

ஜூன் 10

திறந்தாயிற்று. ஏழாவதில் இருந்த 25 பேரில் 22 பேர் எட்டாவதில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ‘தெரியாது சார்’ என்ற பெண் முதல் பெஞ்சில். எங்கே போயிருந்தாய் என்றேன். ‘எங்கயும் இல்ல சார், தம்பியப் பாத்துக்கிட்டேன்.’ கோட்டை அழித்தேன். பெங்களூரில் இருந்து வந்தவன் வாசலிலேயே ‘ஊட்டா ஆயித்தா சார்?’ என்று கன்னடத்தில் விசாரித்தான். ஆயிற்று.

எட்டாவது முடித்த 19 பேரும் ஒன்பதாவதில் சேர்ந்துவிட்டார்கள், காமன் பூலில் எங்கள் பள்ளிப் பெயர் ஒன்றும் மிச்சமில்லை. தலைமையாசிரியர் இரண்டு தடவை திறந்து பார்த்தார்.

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: அட்டவணையைக் கிழிக்கவில்லையாம், கொடுத்தே விட்டாராம். ஒன்பது பேர் முழுக்க முடித்து வந்தார்களாம். என்னைவிட மூன்று பேர் அதிகம். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்க வந்தேன், வேண்டாம். ஒன்பது பேர் நல்ல எண்ணிக்கை. நோட்டும் போட்டாராம், அதில் ஒரு பிள்ளை இன்னும் திருப்பூரில். அங்கே நம்பர் எடுக்கிறதாம், பேசியிருக்கிறார்.

ஜூன் 13

வராத மூவரில் இருவர் நேற்று வந்துவிட்டார்கள். ஓசூர் போனவன் இல்லை. மாமா நம்பருக்கு மூன்று நாளாக அடிக்கிறேன். கன்னடத்தில் ஒரு பெண் குரல் ஏதோ சொல்கிறது, ‘ஸ்விச் ஆஃப்’ மட்டும் புரிகிறது. கன்னடம் என்றால் சிம் ஓசூர் சிம் இல்லையோ என்று தலைமையாசிரியர் கேட்டார். அவன் அப்பாவிடம் மேஸ்திரி நம்பர் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஞாயிறு காலை ஆறு மணி பஸ்ஸில் போகிறேன், அப்பாவும் வருகிறேன் என்றார். நீச்சல் கற்றுக்கொடுத்தவனின் தம்பி அவன்.